கோடை லீவும் கூட்டாஞ்சோறும்

மே மாதம், மத்தியானம் ஒரு மணி. உங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு என்ன சத்தம் கேட்கும் என்று நான் சொல்லட்டுமா? ஒரு பக்கம் டி.வி.யோ செல்போனோ அலறிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், 'வந்து சாப்பிடுடா...' என்று நாலாவது தடவையாக நீங்கள் கத்திக்கொண்டிருப்பீர்கள். 'பசிக்கலைம்மா' என்று உள்ளேயிருந்து பதில் வரும். பதினோரு மணிக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட், பன்னிரண்டு மணிக்கு ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் என்று உள்ளே தள்ளிய பிள்ளைக்குப் பசி எங்கேயிருந்து வரும்?

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? இதே பிள்ளை, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், அதே எலுமிச்சை சாதத்தை, அதுவும் ஆறி அவலாய்ப் போனதை, டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வரும். வீட்டில் பீட்ரூட்டைப் பார்த்தாலே மூக்கைச் சுளிக்கிற பிள்ளை, பக்கத்துப் பையன் டப்பாவிலிருந்து பீட்ரூட் பொரியலைப் பிடுங்கித் தின்ற கதையைப் பெருமையாக வந்து சொல்லும். சோறும் அதேதான், நாக்கும் அதேதான். அப்படியென்றால் மாறுவது எது?

எனக்கு இதற்குப் பதில் கிடைத்தது வத்தலக்குண்டில்.

வத்தலக்குண்டு, இலக்கியம் படித்தவர்களுக்கு ராஜமய்யர் ஊர், பி.எஸ்.ராமையா ஊர். தாம்பூலப் பிரியர்களுக்கு வெற்றிலை ஊர். மற்ற எல்லோருக்கும் கொடைக்கானல் போகிற வழியில் பஸ் நிற்கிற ஊர்! அண்ணாந்து பார்த்தால் பழனி மலைத்தொடர் தெரியும். ஆனால், அந்த மலையின் குளிர் மட்டும் ஒரு அடிகூடக் கீழே இறங்கி வராது. மேலே போகிறவர்கள் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருப்பார்கள்.

குளிர் இறங்காவிட்டாலும் மலையில் விளைகிறதெல்லாம் இறங்கி வரும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கமிருந்து சௌசௌ, பீன்ஸ், மலைவாழை. மேல்மலையிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. மே மாதத்தில் பிளம்ஸ் வேறு. கீழேயோ தென்னந்தோப்பு, நத்தம் பக்கத்துக் கல்லாமையும் காசாலட்டும், வீட்டுக்கு வீடு முருங்கை, தெருமுனையில் நுங்கு. ஒரு குழந்தைக்குக் கோடையில் என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் ஒரே சந்தையில் கிடைக்கிற ஊர் அது. ஆனால், பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். வெள்ளரிப்பிஞ்சுக் கூடை ஜன்னல் ஜன்னலாக ஏறி இறங்கும். உள்ளே இருக்கிற குழந்தைகள் கையில் பளபளவென்று பாக்கெட்!

என் சித்தி வீடு அந்த ஊரில்தான். மே மாதம் வந்தால் மகன் பிள்ளைகள், மகள் பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கிவிடும். மொத்தம் ஏழு உருப்படி. மூன்று வயதிலிருந்து பதினொரு வயது வரைக்கும் படிக்கட்டு மாதிரி. ஒரு பக்கம் 'அப்பத்தா' என்று கூப்பிடும், மறுபக்கம் 'அம்மாச்சி' என்று கூப்பிடும். ஒரே மனுஷி இரண்டு பேருக்கும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"ஏழு பேருக்கும் மூணு வேளை... எப்படிச் சித்தி சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கத்தா சமாளிக்கிறேன்? மத்தியானச் சோத்த அதுகளே ஆக்குதுக, அதுகளே திங்குதுக" என்றார்.

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பதினோரு மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. வேப்பமரத்தடியில் பாய் விரித்தாகிவிட்டது. கூட்டாஞ்சோறு!

உங்களில் எத்தனை பேர் அதை விளையாடியிருக்கிறீர்களோ தெரியாது. முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன்னால் நம்ம ஊர்களில் லீவு விட்டால் இது கட்டாயம் உண்டு. ஆளுக்கொரு பிடி அரிசி. ஒரு வீட்டிலிருந்து பருப்பு, ஒரு வீட்டிலிருந்து கத்தரிக்காய், ஒரு வீட்டிலிருந்து புளி. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. வெந்ததும் வேகாததுமாக ஒரு சோறு. அதை அடித்துப் பிடித்துத் தின்னுவோம். திருநெல்வேலிப் பக்கம் இது விளையாட்டோடு நிற்காமல் சமையலாகவே ஆகிவிட்டது. அரிசி, துவரம்பருப்பு, கத்தரி, முருங்கைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி இறக்கினால், அதுதான் அவர்கள் கூட்டாஞ்சோறு. ஒரு பிள்ளைக்கு மத்தியானம் வேண்டிய பருப்பு, காய், கீரை எல்லாம் அதில் அடக்கம். எந்த டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தது?

சித்தி வீட்டில் சட்டம் ஒன்றுதான். "கத்தியும் அடுப்பும் எங்கிட்ட. மத்ததெல்லாம் உங்ககிட்ட." மூன்று வயது வாண்டுக்குக் கறிவேப்பிலை உருவுகிற வேலை. அது பாதியைக் கீழே போடும், போகட்டும். ஐந்து வயதுக்கு வேகவைத்த முட்டை உரிக்கிற வேலை. ஏழு வயதுக்குச் சின்ன வெங்காயம். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு உரிக்கும். பெரியது இரண்டும் அரிசி களைந்து, தண்ணீர் அளந்து ஊற்ற வேண்டும். 'ஒண்ணுக்கு ரெண்டரைன்னா மூணு டம்ளருக்கு எத்தனை?' என்று அங்கேயே கணக்கும் நடக்கும்.

திருப்பூரிலிருந்து வந்திருந்த ஆறு வயதுப் பையன் ஒருவன். பச்சையாக எதைப் பார்த்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிற ரகம். சித்தி அவனிடம் போய் 'கீரை உடம்புக்கு நல்லதுடா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து, "ஆயுடா ராசா" என்று உட்கார்த்தி வைத்துவிட்டார். அவன் அரை மணி நேரம் ஆய்ந்து ஒரு சுளகு நிறையக் குவித்தான். வெந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இம்புட்டுத்தானா? பாக்கிய யாரு தின்னா?" என்று சண்டைக்கு வந்துவிட்டான். முதல் நாள் இலையில் ஓரமாக ஒதுக்கினான். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது நாள், "இது நான் ஆஞ்ச கீரை" என்று மற்றவர்களுக்குப் பரிமாறினான். மூன்றாவது நாள் பக்கத்தில் இருந்தவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டு, ஒரு வாய் எடுத்துப் போட்டான். அவ்வளவுதான் கதை!

சாப்பாட்டுக்குப் பெயர் வைக்கிற உரிமையும் பிள்ளைகளுக்குத்தான். கீரைச் சோறு 'டைனோசர் சோறு' ஆனது. பீட்ரூட் சாதத்துக்கு அவர்கள் வைத்த பெயர், 'ரத்தச் சோறு'! எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சித்தி அசரவில்லை. "பேரு என்னவா இருந்தா என்ன, வயித்துக்குள்ள போனாச் சரி."

இப்போது பத்திரிகைகளில் பார்க்கிறோம். இட்லிக்குக் கண், மூக்கு வைக்கிறார்கள். கேரட்டைப் பூவாக வெட்டுகிறார்கள். அழகுதான், குறை சொல்லவில்லை. நேரமும் கையும் இருக்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், அந்தப் பூவைச் செய்கிற சந்தோஷம் யாருக்குப் போகிறது? செய்கிற அம்மாவுக்கு. பிள்ளை இரண்டு நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கண்ணையும் மூக்கையும் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடும். அதே பூவை அது செய்திருந்தால், கோணல்மாணலாக இருந்தாலும் கடைசி இதழ் வரை தின்றிருக்கும்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். லீயான் பர்ச் என்று அமெரிக்காவில் ஓர் உளவியலாளர். 1980-ல் வந்த அவருடைய ஆய்வு ரொம்ப எளிமையானது. ஒரு காய் பிடிக்காத குழந்தையை, அதே காயை விரும்பிச் சாப்பிடுகிற மூன்று, நான்கு குழந்தைகளோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான்கே நாளில் பிடிக்காத காயைப் பிள்ளைகள் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டன. 'இதைச் சாப்பிட்டா சாக்லேட் தருவேன்' வித்தையையும் அவர் சோதித்துப் பார்த்தார். லஞ்சம் கொடுத்துச் சாப்பிட வைத்த பொருள், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னைவிடக் குறைவாகத்தான் பிடித்தது. நியாயம்தானே? லஞ்சம் கொடுத்துத் தள்ளிவிடுகிற சரக்கு நல்ல சரக்காக இருக்காது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன!

நமக்கு இது புதுசா? பந்தி என்று ஒரு வார்த்தையை நாம் எதற்கு வைத்திருக்கிறோம்? கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் பிள்ளை கூட்டு, பொரியலையெல்லாம் காலி செய்வதைப் பார்த்திருப்பீர்களே. பள்ளிக்கூடத்தில் நடப்பதும் பந்திதான். மே மாதத்தில் உங்கள் வீட்டில் இல்லாமல் போவது பசி அல்ல, பந்தி.

இது வரைக்கும் சொன்னது, சாப்பாடு இருந்தும் சாப்பிட மறுக்கிற பிள்ளைகளின் கதை. வத்தலக்குண்டில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

பந்தியில் ஏழு இலை போடுவார்கள் என்று எண்ணினால் ஒன்பது விழுந்தது. கூடுதலாக இரண்டு பிள்ளைகள். அடுத்த வீடு. அவர்களுடைய அம்மா நிலக்கோட்டைப் பக்கம் தோட்டங்களில் மல்லிகைப்பூப் பறிக்கப் போகிறவர். விடிவதற்கு முன்னால் போனால்தான் மொட்டாகப் பறிக்க முடியும். பூ முடிந்ததும் வேறு தோட்ட வேலை. திரும்பி வர மூன்று, நான்கு மணி ஆகிவிடும். காலையில் ஆக்கி வைத்துவிட்டுப் போன சோறு, இந்த வெயிலில் மத்தியானத்துக்குள் நூலிழுக்க ஆரம்பித்துவிடும். கையில் கொடுத்துவிட்டுப் போகிற பத்து ரூபாய் பெட்டிக்கடைக்குப் போகும். பளபள பாக்கெட்டாகத் திரும்பி வரும்.

பள்ளிக்கூடம் இருக்கிற மாதங்களில் இந்தப் பிள்ளைகளுக்குக் கவலை இல்லை. சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் 1920-ல் தொடங்கிய விஷயம் அது. காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்க எடுத்துப் போனார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவாக விரித்தார். கலைஞர் 1989-ல் முட்டை சேர்த்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. ஜெயலலிதா காலத்தில், 2013-ல், தினம் ஒரே சாம்பார் சாதமா என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்ளாமல் இருக்கக் கலவை சாதங்கள், மசாலா முட்டை என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கிற சர்க்காருக்கே, 'சத்து மட்டும் போதாது, ருசியும் மாற்றமும் வேணும்' என்று தெரிந்திருக்கிறது.

ஆனால், கோடை லீவு விட்டால் பள்ளிக்கூட அடுப்பும் அணைந்துவிடுகிறது. வாரம் ஐந்து முட்டை சாப்பிட்ட பிள்ளைக்கு மே மாதம் எத்தனை முட்டை என்று யோசித்துப் பாருங்கள். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. அமெரிக்காவில் 1968-லேயே லீவு நாட்களிலும் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு, பசிக்கு ஏது லீவு?

இங்கேதான் சித்தியின் கெட்டிக்காரத்தனம். "சும்மா வந்து சாப்புடுங்கடின்னு கூப்பிட்டா அவ பிள்ளைகள அனுப்ப மாட்டா. ரோசக்காரி. கூட்டாஞ்சோறுன்னு சொன்னேன், அனுப்பிட்டா."

நான் கவனித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. பெரியவள் ஒரு டம்ளரில் அரிசி. சின்னவன் கையில், அவன் வீட்டு வாசல் மரத்து முருங்கைக்கீரை. திருப்பூர்ப் பையன் தினமும் ஆய்ந்தானே, அந்தக் கீரைதான்! சித்தி அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏய், இன்னைக்கு இவுக வீட்டுக் கீரை" என்றார். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு அந்தப் பந்தியில் யாரும் விருந்தாளி இல்லை, எல்லோரும் பங்காளி. யார் வீட்டுப் பிள்ளை, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று பெரியவர்கள் எத்தனையோ கணக்குப் பார்க்கிற நாடு இது. கூட்டாஞ்சோற்றுப் பானைக்குள் போன அரிசியில் எது எந்த வீட்டு அரிசி என்று யார் பொறுக்கிப் பிரிக்க முடியும்?

சரி, நீங்களும் செய்து பார்க்கிறீர்கள் என்றால் சில விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தினமும் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. குக்கரே போதும். வாரத்தில் ஒரு நாள் கூட்டாஞ்சோறு. ஒரு நாள் துருவிய கேரட்டும் மாங்காய்த் துண்டும் போட்ட தயிர்சாதம். பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் சீக்கிரம் புளிக்காது. ஒரு நாள் மோர் விட்டுக் கரைத்த கம்மஞ்சோறு, தொட்டுக்கொள்ளப் பிள்ளைகளே உரித்த சின்ன வெங்காயம். ஒரு நாள் தேங்காய் சாதமும் சுண்டலும். ஒரு நாள் சௌசௌ கூட்டும் முட்டையும். ஒரு நாள் கேழ்வரகுப் புட்டும் வாழைப்பழமும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். முட்டை சாப்பிடாத வீடாக இருந்தால் பருப்பும் பயறும் தயிரும் ஒரு கை கூடட்டும்.

பழம் என்றால் ஆப்பிள்தான் என்று இல்லை. மலைவாழை இருக்கிறதே, விருப்பாச்சி, சிறுமலை என்று இரண்டும் புவிசார் குறியீடு வாங்கியவை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழம். பொடியாக நறுக்கிய வாழைப்பழம், இரண்டு பேரீச்சை, துளி நெய், ஏலக்காய் போட்டுப் பிள்ளைகளையே பிசையச் சொல்லுங்கள். கையெல்லாம் அப்பிக்கொள்ளும். அந்தக் கையை நக்குவதுதான் அவர்களுக்கு டெஸர்ட்!

ஜூஸ் பாக்கெட்டை வாங்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். 200 மில்லி குடித்தால் நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை வயிற்றுக்குள். மத்தியானப் பசியைக் கொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்? பானைத் தண்ணீர், நீர்மோர், இளநீர் போதும்.

அப்புறம் இரண்டு எச்சரிக்கை. வெயில் காலத்தில் சமைத்ததை மணிக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள். ஆக்கினதும் பந்தி போட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேர்க்கடலை, முழுத் திராட்சை, முழுச் சுண்டல், வழுக்குகிற நுங்கு இதையெல்லாம் அப்படியே கொடுத்தால் தொண்டையில் சிக்கிவிடும். திராட்சையை நீளவாக்கில் வெட்டி, சுண்டலை நன்றாக மசித்து, நுங்கைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டாம். பந்திக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைச் சொல்லவே வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. இலையில் எல்லாவற்றிலும் துளித்துளி வையுங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதைப் பற்றிப் பேசாதீர்கள். என்ன சமைப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளை வயிற்றின் பொறுப்பு. ஒரு புதுக் காயைப் பத்துத் தடவை பார்த்த பிறகு பதினோராவது தடவை தொடுகிற பிள்ளைகள் உண்டு. உங்களுக்கு அவசரம் இருக்கலாம். நாக்குக்கு அவசரம் இல்லை.

நகரத்து ஃபிளாட்டில் வேப்பமரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மொட்டை மாடி வெயிலில் வேகும், வேண்டாம். ஹாலில் ஒரு பாய் விரித்தால் போதும். ஆனால், பாயில் உங்கள் பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. மேல் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போய்விட, பாட்டியோடு செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை இருக்கும். கீழே வாட்ச்மேன் பிள்ளை லீவுக்கு வந்திருக்கும். உங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா, லீவு என்பதால் தன் மகளையும் கூட்டி வந்து வாசல்படியில் உட்கார வைத்திருப்பார். ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டு வரச் சொல்லுங்கள். அரிசி இல்லாவிட்டால் ஒரு தக்காளி. அதுவும் இல்லையா, கறிவேப்பிலை உருவ இரண்டு கை. எதையாவது கொண்டு வரட்டும், அதுதான் முக்கியம்.

இவ்வளவு எழுதியும், 'கூட்டாஞ்சோறு எப்படிச் செய்வது? அளவு எழுதவில்லையே!' என்று கேட்டு நாலு பேராவது கடிதம் போடுவீர்கள். அளவெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. செய்முறையின் முதல் வரியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவும்.